ஆள் போதாத மேடை

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், 13 உயர்நிலைப் பள்ளிகளைச் சில உளவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். மிகச் சிறிய பள்ளியில் 35 மாணவர்கள் படித்தார்கள். மிகப் பெரியதில் 2,287 பேர். கிட்டத்தட்ட 65 மடங்கு. வகுப்புகள், நாடகங்கள், பாடற்குழு, கூடைப்பந்துப் போட்டி, மன்றக் கூட்டங்கள், விருந்துகள் என்று பள்ளிக்குள் நடக்கும் ஒவ்வொன்றையும் அவர்கள் எண்ணிப் பட்டியல் போட்டார்கள். பெரிய பள்ளியில் அவை 8 மடங்குதான் அதிகமாக இருந்தன. எத்தனை வகையான நிகழ்வுகள் என்று பார்த்தால் வித்தியாசம் ஒன்றரை மடங்குக்குச் சுருங்கிவிட்டது.

இந்தக் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மாணவர்கள் 65 மடங்கு பெருகும்போது அவர்கள் நின்று செயல்படுவதற்கான இடங்கள் 8 மடங்குதான் பெருகுகின்றன என்றால், ஒவ்வோர் இடத்துக்கும் எட்டு மடங்கு நெருக்கடி. சிறிய பள்ளியில் ஒரு நாடகத்துக்கு ஒருவர் கிடைக்கும் அளவில், பெரிய பள்ளியில் எட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். அந்த எட்டில் ஏழு பேர் என்ன ஆகிறார்கள் என்பதுதான் அந்த ஆய்வின் உயிரான கேள்வி. 1964இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை ‘பிக் ஸ்கூல், ஸ்மால் ஸ்கூல்’ என்ற பெயரில் வெளியிட்டது. எழுதியவர்கள் ரோஜர் பார்க்கர், பால் கம்ப். அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. பள்ளியின் அளவைப் பற்றி யார் பேசினாலும் முதலில் இந்தப் புத்தகத்தைக் கடந்துதான் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

பார்க்கர் 1903இல் அயோவா மாநிலத்தின் ஒரு சிற்றூரில் பிறந்தவர். இளம் வயதில் எலும்பைத் தாக்கிய நோயால் பள்ளிப் படிப்பில் நீண்ட காலம் இழந்தார். பிறகு ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்று, உளவியலாளர் குர்ட் லெவினோடு பணியாற்றி, 1947இல் கான்சஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். வந்தவர் பல்கலைக்கழக ஊரில் தங்கவில்லை. சுமார் 700 பேர் வாழ்ந்த ஆஸ்கலூசா என்ற சிற்றூரில் குடும்பத்தோடு குடியேறி, அங்கேயே ஆய்வு நிலையத்தையும் அமைத்துக்கொண்டார். மனிதர்களைச் சோதனைக் கூடத்துக்கு வரவழைத்துக் கேள்வி கேட்பதில் அவருக்கு நம்பிக்கை குறைவு. பறவையை அதன் காட்டில் போய்ப் பார்ப்பவர்கள் குழந்தையை மட்டும் ஏன் அதன் ஊரில் வைத்துப் பார்ப்பதில்லை என்பது அவருடைய வாதம். ஓர் ஏழு வயதுச் சிறுவன் 1949 ஏப்ரல் 26 அன்று காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை செய்த அத்தனையையும் எட்டுப் பேர் முறைவைத்துக் குறித்தெடுத்து, அதை மட்டுமே ஒரு புத்தகமாக வெளியிட்டவர் அவர்.

அப்படி ஊருக்குள் பல ஆண்டுகள் பார்த்ததில் அவருக்கு ஒன்று புலப்பட்டது. ஒரு குழந்தை எப்படி நடந்துகொள்ளும் என்பதை அதன் குணத்தை வைத்துச் சொல்வதைவிட, அது இப்போது இருக்கும் இடத்தை வைத்துச் சொல்வது எளிது. மருந்துக்கடையில் எல்லாக் குழந்தைகளும் மருந்துக்கடைக்கு ஏற்றபடி இருக்கிறார்கள், தேவாலயத்தில் தேவாலயத்துக்கு ஏற்றபடி. இவற்றை அவர் நடத்தைக் களங்கள் என்று அழைத்தார். குறித்த இடம், குறித்த நேரம், அதற்குள் ஒரு வழக்கமான செயல், அதை நடத்திவைக்க ஆட்கள். பள்ளி நாடகம் அப்படிப்பட்ட ஒரு களம்.

களத்துக்குள் எல்லோரும் ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. பார்க்கர் அதை ஆறு படிகளாகப் பிரித்தார். வாசலில் எட்டிப் பார்ப்பவர் முதற்படி. அழைப்பின்பேரில் வந்து உட்காரும் பார்வையாளர் இரண்டாவது. உறுப்பினர் மூன்றாவது. வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பவர் நான்காவது. பொறுப்பைப் பங்கிட்டு நடத்துபவர் ஐந்தாவது. அவர் இல்லாமல் காரியமே நடக்காது என்ற நிலையில் இருக்கும் ஒற்றைத் தலைவர் ஆறாவது. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்தான் அவர் கோடு கிழித்தார். கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் செய்பவர்கள். கீழே இருப்பவர்கள் வந்துபோகிறவர்கள். பெரிய பள்ளி மாணவர் சிறிய பள்ளி மாணவரை ஒத்த அளவில் நிகழ்ச்சிகளுக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டியவர்களின் விகிதம் சிறிய பள்ளிகளில் மிக உயர்வாக இருந்தது.

இது ஏன் என்று புரிய அந்தக் காலத்துச் சிற்றூர்ப் பள்ளி நாடகத்தை நெருங்கிப் பார்க்க வேண்டும். ஜூனியர் வகுப்பு நாடகம், சீனியர் வகுப்பு நாடகம் என்று ஆண்டுக்கு இரண்டு போடுவது அமெரிக்க மேற்கு நடுப்பகுதியில் பரவலான வழக்கம். ஜூனியர் என்றால் பதினோராம் வகுப்பு, சீனியர் பன்னிரண்டு. பிரதியைத் தேர்ந்தெடுப்பது ஆங்கில ஆசிரியர். அதற்கென்றே பதிப்பகங்கள் இருந்தன: 1830இல் தொடங்கிய சாமுவேல் ஃபிரெஞ்ச், 1885இல் சிகாகோவில் தோன்றிய டிராமாட்டிக் பப்ளிஷிங் கம்பெனி, இன்னும் பல. அவர்களின் விலைப்பட்டியலில் நாடகத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை காட்சியமைப்பு, உரிமைத் தொகை எவ்வளவு என்று போட்டிருக்கும். ஆசிரியர் முதலில் பார்ப்பது அந்த எண்களைத்தான். பெண் பாத்திரங்கள் கூடுதலாகவும் காட்சியமைப்பு ஒன்றே ஒன்றாகவும் இருந்தால் அந்தப் பிரதிக்குக் கிராக்கி. கதை பெரும்பாலும் ஒரு வீட்டு வரவேற்பறையில் நடக்கும் மூன்றங்க நகைச்சுவையாக இருந்ததற்கு அந்த ஒற்றைக் காட்சியமைப்பு பெரிய காரணம். ஒரு சோபா, இரண்டு கதவு, ஒரு தொலைபேசி. சோபா யார் வீட்டிலிருந்தாவது வரும்.

இப்போது ஒரு கணக்குப் போடலாம். 35 பேர் படிக்கும் பள்ளியில் நான்கு வகுப்புகள். ஜூனியர் வகுப்பில் எட்டு, ஒன்பது பேர் இருப்பார்கள். பிரதியில் பத்துப் பாத்திரங்கள். திரை இழுக்க ஆள் வேண்டும். வசனம் எடுத்துக்கொடுக்க, விளக்குக்கு, ஒப்பனைக்கு, சாமான் எடுத்துவைக்க, நுழைவுச் சீட்டு விற்க, கடைத்தெருவில் விளம்பரத் தட்டி வைக்க ஆள் வேண்டும். ஒன்பது பேர் இருபது வேலைகளைப் பார்க்க வேண்டும். நடிப்பு வருமா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. வாய் திறக்காத பையனுக்கும் பாத்திரம் உண்டு. முதல் அங்கத்தில் தபால்காரராக வருபவர் இரண்டாம் அங்கத்தில் திரை இழுப்பார். ஏழு பேர் வேண்டிய கபடிக்கு ஆறு பேர்தான் என்றால் வேடிக்கை பார்க்க வந்தவனையும் கையைப் பிடித்து இழுத்துவிடுவார்கள் அல்லவா, அந்த இழுப்புதான் பார்க்கர் கண்டது. ஆள் பற்றாக்குறை என்பதே அவருடைய கோட்பாட்டின் பெயர். களம் ஆளைத் தேடுகிறது. கிடைத்தவரை விடாமல் பிடித்துவைக்கிறது. திறமைக்கான அளவுகோலைத் தளர்த்துகிறது. ஒருவர் வராவிட்டால் அது எல்லோருக்கும் தெரிகிறது.

இரண்டாயிரம் பேர் படிக்கும் பள்ளியிலும் அந்தப் பிரதிக்குப் பத்துப் பாத்திரங்கள்தான். அங்கே தேர்வு நடக்கும். நாற்பது, ஐம்பது பேர் வந்து வசனம் பேசிக் காட்டுவார்கள். பத்துப் பேர் எடுக்கப்படுவார்கள். வந்து தோற்றவர்களைவிட, நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்று வராமலேயே இருந்துவிட்ட நூற்றுக்கணக்கானவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். நாடகம் தரமாக இருந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் பள்ளி நாடகத்தின் தரத்தை மேடையில் நடந்ததை வைத்து மட்டும் அளப்பது எனக்கு உடன்பாடில்லை.

நாடகம் ஒரு பக்கம் இருக்க, மன்றங்களிலும் இதே கதை. ஃபியூச்சர் ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற உழவர் மாணவர் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். எஃப்.எஃப்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1917ஆம் ஆண்டின் ஸ்மித்–ஹியூஸ் சட்டம் உயர்நிலைப் பள்ளிகளில் வேளாண் கல்விக்கு ஒன்றிய அரசின் பணத்தைத் திறந்துவிட்டது. அதன் பலனாக வளர்ந்த வகுப்புகளிலிருந்து 1928இல் கான்சஸ் சிட்டியில் இந்தச் சங்கம் பிறந்தது. அதன் கூட்டம் தொடங்கும் சடங்கே ஒரு குறுநாடகம். தலைவர் உதயசூரியன் சின்னத்தின் கீழ் நிற்பார். துணைத் தலைவர் ஏர் அருகே, செயலாளர் மக்காச்சோளக் கதிர் அருகே, பொருளாளர் வாஷிங்டனின் உருவத்தருகே, செய்தியாளர் கொடியருகே, காவலர் கதவருகே, ஆலோசகரான ஆசிரியர் ஆந்தைச் சின்னத்தருகே. ஒவ்வொருவரிடமும் ஏன் அங்கே நிற்கிறீர் என்று கேட்கப்படும். அவரவர் தம் சின்னத்தின் பொருளையும் தம் கடமையையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் கூட்டம்.

கிளையில் பன்னிரண்டு பேர் இருந்தாலும் நூற்றிருபது பேர் இருந்தாலும் மாணவப் பொறுப்பாளர்கள் ஆறு பேர். பன்னிரண்டு பேர் கிளையில் இரண்டு ஆண்டுகளுக்குள் அநேகமாக எல்லோரும் ஏதோ ஒரு சின்னத்தின் கீழ் நின்றுவிடுவார்கள். மாட்டுக் கொட்டகையில் வேலை பார்த்துவிட்டு வரும் பையன் தீர்மானம் முன்மொழிவது எப்படி, திருத்தம் கொண்டுவருவது எப்படி, வாக்கெடுப்பு நடத்துவது எப்படி என்று கற்றுக்கொண்டது இந்தக் கதவோரத்தில்தான். நூற்றிருபது பேர் கிளையில் பெரும்பாலோருக்கு நீல நிறக் கார்டுராய் மேற்சட்டை மட்டும் கிடைக்கும்.

பார்க்கரின் குழுவில் இருந்த எட்வின் வில்லம்ஸ் இன்னொரு கேள்வி கேட்டார். படிப்பு வராத, குடும்பப் பின்னணியும் கைகொடுக்காத, பாதியில் நின்றுவிடக்கூடிய மாணவர்கள் என்ன உணர்கிறார்கள்? பள்ளி நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ள வேண்டிய கடமை தமக்கு இருப்பதாக அவர்கள் நினைக்கிறார்களா? சிறிய பள்ளிகளில் அவர்கள் மற்ற மாணவர்களைப் போலவே கடமையை உணர்ந்தார்கள். பெரிய பள்ளியில் அந்த உணர்வு அவர்களிடம் ஏறக்குறைய இல்லவே இல்லை. 1967இல் அவர் மறுபடியும் ஆராய்ந்தபோதும் முடிவு மாறவில்லை. அந்த ஆய்வு முழுவதிலும் என்னை மிகவும் பாதித்த பகுதி இதுதான். விளிம்பில் இருப்பது என்பது மாணவரின் இயல்பு என்றுதான் நாம் பேசுகிறோம். வில்லம்ஸ் கண்டது வேறு: அதே வகை மாணவர், ஆள் குறைந்த பள்ளியில் விளிம்பிலேயே இல்லை.

ஆலன் விக்கர் 1968இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் கூர்மையாக்கியது. பெரிய பள்ளியில் பொறுப்பில் இருந்தவர்களையும் சிறிய பள்ளியில் பொறுப்பில் இருந்தவர்களையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தால், அவர்களின் அனுபவங்கள் நெருங்கிவந்தன. சவாலைச் சந்தித்தோம், நம்மால் முடிந்தது, நம்மை நம்பியிருந்தார்கள் என்று இருவருமே சொன்னார்கள். ஆகவே சிற்றூர்க் காற்றிலோ கட்டடத்தின் அளவிலோ மாயம் எதுவும் இல்லை. கையில் ஒரு வேலை இருந்ததா என்பதே விஷயம். சிறிய பள்ளி அந்த வேலையை அதிகம் பேருக்குக் கொடுத்தது.

சிறிய பள்ளியைச் சொர்க்கமாக வரைந்துவிடவும் கூடாது. அங்கே பாடங்கள் குறைவு. பிடிக்காதவருக்கு ஒதுங்கிக்கொள்ள மூலை கிடையாது. நாடகத்தில் தடுமாறியதை ஊரே பார்க்கும், ஊரே பல ஆண்டு சொல்லும். யாரெல்லாம் ஆள் என்று எண்ணப்பட்டார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. எஃப்.எஃப்.ஏ. தேசிய அளவில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1969இல்தான். தென்மாநிலங்களில் கறுப்பின மாணவர்களுக்கு நியூ ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற தனிச் சங்கம் இருந்தது. 1965இல் அது எஃப்.எஃப்.ஏ.வோடு இணைக்கப்பட்டபோது அதன் உறுப்பினர்கள் சுமார் 50,000 பேர். இனப் பிரிவினை ஒழிய வேண்டியதுதான். ஆனால் இணைப்பில் மறைந்தது கறுப்பினச் சங்கத்தின் பெயரும் சின்னமும் மேடையும். இரண்டு தலைவர், இரண்டு செயலாளர் இருந்த இடத்தில் ஒருவரே மிஞ்சினார். அந்த இழப்பு எந்தத் தரப்பின் மேல் விழுந்தது என்பதைச் சொல்லாமல் நகர்வது நேர்மையாகாது.

பள்ளிகளை இணைப்பதிலும் இதுதான் நடந்தது. 1939–40 கல்வியாண்டில் அமெரிக்காவில் பள்ளிகளை நிர்வகிக்கும் உள்ளூர் அலகுகளான பள்ளி மாவட்டங்கள் சுமார் 1,17,000 இருந்தன. 1970–71இல் அவை சுமார் 18,000. ஹார்வர்டின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் 1959இல் வெளியிட்ட அறிக்கை இந்த இணைப்புக்குப் பெரிய உந்துதல் தந்தது. ஆண்டுக்கு நூறு பேராவது படித்து முடித்து வெளியேறாத உயர்நிலைப் பள்ளியால் முறையான கல்வி தர முடியாது என்பது அவர் வாதம். இயற்பியலுக்கும் உயர்கணிதத்துக்கும் அயல்மொழிக்கும் தனித்தனி ஆசிரியர் வேண்டுமென்றால் அவ்வளவு மாணவர்கள் வேண்டும். இதில் நியாயம் இருக்கிறது. சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் ஏவப்பட்டு இரண்டே ஆண்டுகள் ஆன நேரத்தில் அதை மறுத்துப் பேசுவதும் எளிதாக இருந்திருக்காது. கான்சஸ் சட்டமன்றம் 1963இல் ஒருங்கிணைப்புச் சட்டம் கொண்டுவந்தது. சில ஆண்டுகளுக்குள் மாநிலத்தின் பள்ளி மாவட்டங்கள் முந்நூற்றுச் சொச்சமாகச் சுருங்கின. பார்க்கரின் புத்தகம் வந்தது அந்தச் சட்டத்துக்கு அடுத்த ஆண்டு.

மூடப்பட்ட பள்ளியோடு போனது வகுப்பறை மட்டுமல்ல. சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றில் கூடைப்பந்துக் கூடமும் நாடக அரங்கும் ஒன்றே. கூடத்தின் ஒரு பக்கத்தில் மேடை, எதிர்ப்பக்கம் படிக்கட்டு இருக்கைகள். 1930களின் பெருமந்தத்தில் வேலையற்றோருக்கு வேலை தந்த டபிள்யூ.பி.ஏ. திட்டத்தில் இத்தகைய கூடங்கள் ஊர் ஊராகக் கட்டப்பட்டன. ஊருக்கு இருந்த ஒரே மேடை பெரும்பாலும் அதுதான். பள்ளி மூடப்பட்டபோது நாடகம் பார்க்க வந்துகொண்டிருந்த பெற்றோரும் தாத்தா பாட்டியும் கடைக்காரரும் ஒரே கூரையின் கீழ் கூடும் இரவுகளும் போயின. ஏழு ஊர்ப் பிள்ளைகள் ஒரு பள்ளியில் சேர்ந்தபோது ஏழு ஜூனியர் நாடகங்களுக்குப் பதில் ஒன்று நடந்தது. மாலை ஒத்திகைக்கு நின்றால் வீட்டுக்குப் போகப் பேருந்து கிடையாது என்ற புதுச் சிக்கலும் சேர்ந்துகொண்டது.

டெக்சாஸ் மாநிலம் வேறொரு வழியில் சிற்றூர் மேடையைக் காத்துவந்திருக்கிறது. பள்ளிகளுக்கிடையே போட்டிகளை நடத்தும் அமைப்பான யு.ஐ.எல். 1927 முதல் ஓரங்க நாடகப் போட்டி நடத்துகிறது. நாடகம் 40 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். காட்சியமைப்பை ஏற்ற 7 நிமிடம், இறக்க 7 நிமிடம். அதையும் மாணவர்களே செய்ய வேண்டும். பள்ளிகள் அளவுவாரியாகப் பிரிக்கப்படுவதால் சிறிய பள்ளி சிறிய பள்ளியோடுதான் மோதும். நாடகத்துக்கும் கால்பந்துக்கு இருப்பதுபோலச் சுற்றுப்போட்டியும் கோப்பையும் இருப்பதால், நாடகம் என்றால் முகம் சுளிக்கும் ஊரிலும் அதற்குப் பணம் ஒதுக்கப்படுகிறது. ஆனால் இதே டெக்சாஸ்தான் 1984இல், ஒரு பாடத்தில் 70க்குக் கீழே மதிப்பெண் எடுத்தவர் ஆறு வாரம் போட்டிகளில் கலந்துகொள்ளக் கூடாது என்று சட்டம் போட்டது. படிப்பைக் காப்பாற்றும் நோக்கம் புரிகிறது. என்றாலும் வில்லம்ஸின் ஆய்வைப் படித்தவர்களுக்கு இது நெருடும்: பள்ளியோடு கட்டிவைக்கும் கயிறு யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே முதலில் அறுக்கப்படுகிறது. 1995இல் ஆறு வாரம் மூன்றாகக் குறைக்கப்பட்டது.

ஜோசஃப் மெஹோனியும் ராபர்ட் கெய்ர்ன்ஸும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதே திசையைக் காட்டுகிறது. 392 மாணவர்களை ஏழாம் வகுப்பிலிருந்து அவர்கள் பின்தொடர்ந்தார்கள். பள்ளி நடவடிக்கைகளில் கலந்துகொண்டவர்கள் இடைநிற்பது குறைந்தது. அந்த வித்தியாசம் மிகவும் தெளிவாகத் தெரிந்தது இடைநிற்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தவர்களிடம். ரால்ஃப் மக்நீல் 1995இல் கண்டது சற்றே சிக்கலானது. விளையாட்டும் நாடகம், இசை போன்ற கலைகளும் இடைநிற்றலைக் குறைத்தன. பாடம் சார்ந்த மன்றங்களிலும் தொழில்சார் மன்றங்களிலும் அப்படியொரு விளைவு தென்படவில்லை. பெயர்ப்பட்டியலில் இருப்பதற்கும் தேவைப்படுபவராக இருப்பதற்கும் உள்ள தூரம் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று நான் ஊகிக்கிறேன். மாதம் ஒருமுறை கூடிக் கலையும் மன்றத்துக்கு ஒருவர் வராமல் போனால் எதுவும் நிற்காது. நாடகத்தில் முதல் அங்கத்துத் தபால்காரர் வராவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும்.

இப்போது வந்திருக்கும் தடை பணம். நிதி நெருக்கடியில் பல பள்ளிகள் விளையாட்டுக்கும் கலைக்கும் தனிக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கின. கைசா ஸ்னெல்மனும் ராபர்ட் புட்னமும் இன்னும் இருவரும் சேர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், வசதியுள்ள குடும்பப் பிள்ளைகளுக்கும் இல்லாத குடும்பப் பிள்ளைகளுக்கும் இடையே இந்த நடவடிக்கைகளில் உள்ள இடைவெளி 1970களிலிருந்து விரிந்துகொண்டே வந்திருப்பதைக் காட்டினார்கள். சிற்றூரில் ஆள் பற்றாக்குறை யாரையும் வடிகட்டாமல் உள்ளே இழுத்தது. கட்டணச் சீட்டு வாசலிலேயே வடிகட்டுகிறது.

2000க்குப் பிறகு சிறிய பள்ளிக்குத் திடீரென்று செல்வாக்கு வந்தது. கேட்ஸ் அறக்கட்டளை பெரும் தொகை செலவிட்டுப் பெரிய உயர்நிலைப் பள்ளிகளைச் சிறியவையாகப் பிரித்தது. அவற்றில் பலவற்றில் எதிர்பார்த்த முன்னேற்றம் வரவில்லை என்று 2009இல் பில் கேட்ஸே எழுதினார். நியூயார்க் நகரின் புதிய சிறு பள்ளிகளை ஆராய்ந்த எம்.டி.ஆர்.சி. நிறுவனமோ, அங்கே படித்து முடித்தவர்களின் விகிதம் 6.8 விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்ததாக 2010இல் கண்டறிந்தது. இருதரப்பு வாதமும் பெரும்பாலும் தேர்ச்சியையும் மதிப்பெண்ணையும் சுற்றியே நடந்தது. ஒரே கட்டடத்தில் நான்கு பள்ளிகள் மாடிக்கொன்றாக அமர்ந்தபோது அரங்கம் யாருடையது, இசைக்குழு யாருடையது என்ற கேள்விக்கு அந்த வாதத்தில் கிடைத்த இடம் சொற்பம். பார்க்கரின் பட்டியலை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குள் போயிருக்க வேண்டும். ஓராண்டில் நடந்த களங்கள் எத்தனை, ஒவ்வொன்றிலும் நான்காம் படியிலும் அதற்கு மேலும் நின்றவர்கள் யார் யார், எந்தப் பட்டியலிலும் பெயர் வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். அந்தக் கடைசி எண்ணிக்கையைப் பள்ளியின் அறிக்கையில் தேர்ச்சி விகிதத்துக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். ஒரு குறிப்பேடும் பொறுமையும் இருந்தால் எந்தத் தலைமையாசிரியரும் இதைச் செய்துவிடலாம்.